டீ குடிப்பதற்குள் சாய்ந்த சுவர்

கீழே கட்டும் பாத்ரூம் இன்னும் முடியவில்லை. பார்ப்பவர்களெல்லாம் கேட்கிறார்கள், ஆளாளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். மாமாவின் முட்டிக்காக ஆரம்பித்த வேலை அது. தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்றார் மேஸ்திரி. எந்தத் தீபாவளி என்று சொல்லவில்லை.

டைல்ஸ் என் மனைவியின் தேர்வு. கறுப்பும் வெள்ளையுமாக ஆறு அங்குலச் சதுரம். மஞ்சக்குப்பத்தில் ஆரம்பித்துத் திருப்பாப்புலியூர் வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் பாண்டிக்குப் போய் வாங்கினோம். பாண்டியில் எது வாங்கினாலும் மலிவு என்று கடலூர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அது ஒரே ஒரு சரக்குக்குத்தான் பொருந்தும் என்பது வண்டி வாடகை கொடுத்தபோது தெரிந்தது. செஸ் போர்டு கணக்காக நேருக்கு நேர் ஒட்டக்கூடாதாம், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை அரை டைல் தள்ளி ஒட்ட வேண்டுமாம். போனில் படத்தைக் காட்டினாள். மேஸ்திரி படத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், "கட்டிங் நிறைய விழும் மேடம்" என்றார். விழுந்தது.

ஒட்டி முடித்த அன்று சாயங்காலம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மாமா ஹாலில் தன் நாற்காலியில் இருந்தபடியே திறந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு "ம்" என்றார். என் கல்யாணத்துக்குக்கூட அவர் அவ்வளவு தாராளமாகச் சம்மதம் சொன்னதில்லை. மறுநாள் இடைவெளிகளில் ஜாயிண்ட் பவுடரைக் குழைத்து அடைத்தார்கள். வெள்ளை போட்டால் அழுக்குத் தெரியும் என்று சாம்பல் நிறம். ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள். ஹாலிலிருந்து ஒரு சத்தம்.

"மாப்ள! செவுரு சாஞ்சி போச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் டைல்ஸ்? ஒரு வரிசை இடது கோடியில் அகலமாக ஆரம்பித்து வலது கோடிக்குப் போகப் போகக் குறுகுகிறது. அதற்கு மேல் வரிசை அப்படியே தலைகீழ். சீலிங் வரைக்கும் இதே கதை. பக்கத்தில் போய் மூக்கு உரசப் பார்த்தால் கோடு நேர். கதவுக்கு வெளியே வந்து நின்றால் கோணல்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தென்னாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளிலிருந்து, அதாவது 1993-க்கு முன்னாலிருந்தே, வயலும் வரப்புமாகச் சங்கிலி போட்டு அளந்த சர்வேயர். அவர் கண்ணுக்கு எதிரில் வந்து கோணலாக நிற்க ஒரு சுவருக்குத் தைரியம் வந்துவிட்டது. மேஸ்திரியைப் பாதி டீயில் கூப்பிட்டோம். அவர் ஒன்றும் பேசாமல் ரசமட்டத்தை எடுத்து ஒரு டைல் விளிம்பில் வைத்தார். குமிழ் நட்டநடுவில்.

"மட்டம் எங்கியாவது விழுந்து அடிபட்டிருக்கும்" என்றார் மாமா. மட்டத்தை வாங்கி, தலைமாடு கால்மாடாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தார். கோளாறான மட்டமாக இருந்தால் திருப்பி வைக்கும்போது குட்டு உடைந்துவிடும். உடையவில்லை. குமிழ் நகரவே இல்லை. அடுத்து டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நானும் மறுமுனையைக் கையாளும் பிடித்துக்கொண்டு நின்றோம். "மட்டம் பொய் சொல்லும், மேஸ்திரி பொய் சொல்லுவான், தண்ணி பொய் சொல்லாது மாப்ள" என்றார். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றது. டேப்பை வைத்து ஒவ்வொரு வரிசையின் உயரத்தையும் இரண்டு கோடியிலும் அளந்தார். ஒரு நூல் வித்தியாசமில்லை. நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்த்தார்.

"சாஞ்சிதான் இருக்கு. மேல் வரிசையைப் பேர்த்துப் போடச் சொல்லு."

பேர்த்தார்கள். போட்டார்கள். சாம்பல் பவுடர் அடைத்தார்கள். சாய்ந்தது.

பஞ்சாயத்தைத் தீர்த்தது என் மகள். போனில் தேடி, இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற ஊரிலிருந்து எங்கள் பாத்ரூம் சுவரையே எடுத்துக் காட்டினாள். அங்கே செயின்ட் மைக்கேல்ஸ் ஹில் என்ற மேட்டின் அடிவாரத்தில் ஒரு காபிக் கடையாம். அதன் சுவரில் இதே கறுப்பு வெள்ளை, இதே அரை டைல் தள்ளல், நடுவில் இதே சாம்பல் பூச்சு. கண் எப்படிப் பார்க்கிறது என்பதையே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரிச்சர்ட் கிரிகரியின் ஆய்வகத்து ஆள் ஒருவர் அந்த வழியாகப் போகும்போது கோணலைக் கவனித்திருக்கிறார். கிரிகரியும் பிரிசில்லா ஹேர்டும் 1979-ல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதி, கஃபே சுவர் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நம் ஊரில் அந்தக் கடைக்காரர் கொத்தனாருக்குப் பாக்கி வைத்திருப்பார், அத்தோடு முடிந்திருக்கும்.

சங்கதி அந்தச் சாம்பல் கோட்டில்தான் இருக்கிறது. அது கறுப்பை விட வெளுப்பு, வெள்ளையை விடக் கறுப்பு. வெளிச்சமான பரப்பும் இருட்டான பரப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவே சந்து இருக்காது என்பது மூளையின் வழக்கமான கணக்கு என்கிறார் கிரிகரி. அதனால் மேலே கறுப்பும் கீழே வெள்ளையும் வருகிற துண்டுகளில் நடுக்கோட்டை விழுங்கி விளிம்புகளை ஒட்டப் பார்க்கிறது. டைல்ஸ் தள்ளித் தள்ளி இருப்பதால் ஒட்டுகிற இடமெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சரிவு விழுந்து, எல்லாம் சேர்ந்து ஒரே நீளச் சரிவாகக் கண்ணில் படுகிறது. ஜாயிண்ட் போடுவதற்கு முன்னால் ஏன் சாயவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது: இடைவெளி அதுவரை வெறும் இருட்டு, கறுப்போடு கறுப்பாகப் போயிருக்கிறது.

மாமா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "லண்டன்ல மேஸ்திரிக்குக் கூலியைக் குடுத்தானா?" என்று மட்டும் கேட்டார். லண்டன் இல்லை என்றேன். எல்லாம் அந்தப் பக்கம்தானே என்றார். மகள் விடவில்லை. பழைய பேப்பரை எடுத்து ஒரு வரிசையை முழுக்க மூடினாள். கோடு சட்டென்று நிமிர்ந்தது. பேப்பரை எடுத்தாள், சரிந்தது. மாமா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "மறுபடி வை" என்றார். "எடு" என்றார். "வை." அன்றைக்கு மத்தியானம் தூக்கமே போட வரவில்லை மனுஷர்.

மகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. 1995-ல் எட்வர்ட் அடெல்சன் என்பவர் செய்த கட்டம்போட்ட பலகைப் படத்தைக் காட்டினாள். ஒரு தூண், அதன் நிழல், நிழலில் ஒரு வெள்ளைக் கட்டம், வெளியே ஒரு கறுப்புக் கட்டம். பார்த்தால் அப்படித்தான். இரண்டும் ஒரே சாம்பலாம். நிழலில் இருப்பதால் நிஜத்தில் இது இன்னும் வெளுப்பாக இருக்க வேண்டும் என்று மூளை தானே கூட்டிக் கழித்துக்கொள்கிறதாம். போனில் என்ன வேண்டுமானாலும் செய்வார்கள் என்று மாமா அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். சரி என்று நிலாவுக்குத் தாவினாள். பௌர்ணமியன்று சில்வர் பீச்சில் கடலிலிருந்து கிளம்பும்போது தாம்பாளம் அளவுக்கு இருக்கிற நிலா, மேலே ஏறியதும் சின்னதாகிவிடுகிறதே, அதுவும் இந்த வகைதான் என்றாள். இங்கேதான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அது எனக்குத் தெரியும். கோணம் அளக்கிற தியோடலைட் வெச்சே பாத்திருக்கேன். கீழ இருந்தாலும் அரை டிகிரி, மேல போனாலும் அரை டிகிரி" என்றார். சொல்லப்போனால் உச்சிக்கு வரும்போது நிலா நமக்கு ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் கிட்டே வந்துவிடுகிறது, அப்போதுதான் ஒரு துளி பெரிதாகத் தெரிய வேண்டும். அவ்வளவும் தெரிந்த மனுஷர் அடுத்த பௌர்ணமிக்குப் பீச்சில் நின்று "எவ்ளோ பெருசு பாரு மாப்ள" என்றார். தெரிந்துகொள்வதால் கண்ணுக்கு ஒரு பைசா பிரயோஜனமில்லை. எங்கள் சுவரும் விவரம் தெரிந்தபின் ஒரு இம்மிகூட நிமிரவில்லை.

வெள்ளை ஜாயிண்ட் மாற்றிவிடலாம் என்றேன். "நேரா இருக்கிற செவுத்தை நேரா காட்றதுக்குத் தண்டச் செலவா?" என்று மாமா மறுத்துவிட்டார். வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் சுவரைப் பார்த்து உச்சுக்கொட்ட, மாமா ரசமட்டத்தோடு எழுந்து பாடம் எடுக்க, நன்றாகத்தான் பொழுது போனது. பாவம், மேஸ்திரிதான் தாங்கவில்லை. எதிர் மனைக்காரர் வீடு கட்டப்போகிறார், எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வாயே திறக்காமல் போய்விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி தன் செலவில் வெள்ளைப் பவுடரோடு வந்து, சாம்பலைச் சுரண்டி எடுத்துவிட்டு அடைத்தார். சுவர் நூல் பிடித்தாற்போல் நிமிர்ந்தது. இத்தனை நாள் என்ன நடந்தது என்று அவருக்குப் புரியவேண்டுமே என்று, பக்கத்தில் நின்று பிரிஸ்டல் கதை முழுவதையும் நான் சொன்னேன். மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அதுதான் வினை. சுவிட்ச் பெட்டி சாய்ந்திருக்கிறதே என்றால், "மூளை அப்படிக் காட்டுது சார்." கதவு நிலை வெளியே தள்ளியிருக்கிறதே? "அந்தப் பிஸ்டல் மேட்டர்தான் சார்." மாமா நேற்று, தரையில் வாட்டமே இல்லை, தண்ணீர் எப்படிப் போகும் என்று கேட்டார். "உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது ஐயா, சாரைக் கேளுங்க" என்று என்னைக் கைகாட்டினார் மேஸ்திரி.

மாமா ஒரு மக் தண்ணீரை எடுத்து நடுவில் ஊற்றினார். அது அங்கேயே கொஞ்சம் யோசித்தது. அப்புறம் டிரெயினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவு வரைக்கும் வந்து, ஹாலில் இறங்கியது.

"இது எந்த ஊர் மேட்டரு?" என்றார் மாமா.

தரையைப் பேர்க்க ஆள் சொல்லியாகிவிட்டது. கூலியில் பாதி மேஸ்திரி, பாதி நான் என்று வீட்டில் தீர்ப்பாகியிருக்கிறது. பிஸ்டல் கதையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தானாம்.