டூ நைட்ஸ் டிஃபென்ஸும் ஒரு சிறுவர் ஆட்டமும்

பத்து வயதுக்கு உட்பட்டோர் சதுரங்கப் போட்டிகளில் அடிக்கடி காணக்கூடிய தொடக்கம் டூ நைட்ஸ் டிஃபென்ஸ் (எழுத்தும் எண்ணும் பலகையின் கட்டத்தைக் குறிக்கும்): இ4 இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6, உடனே வெள்ளைக் குதிரை ஜி5. ராஜா மட்டுமே காக்கும் எஃப்7 சிப்பாயைக் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கின்றன. கறுப்பு டி5 ஆட, வெள்ளை அச்சிப்பாயை வெட்டியதும், குதிரையால் திருப்பி வெட்டுவதே பெரும்பாலான பிள்ளைகளுக்கு முதலில் தோன்றுகிறது. வெள்ளை குதிரையைக் கொடுத்து எஃப்7-ஐ வெட்டி, ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து செக் வைத்தால், டி5 குதிரையைக் காப்பாற்றக் கறுப்பு ராஜா இ6 வரை தானே நடந்து வரவேண்டியிருக்கும். இதுதான் ஃப்ரைட் லிவர் தாக்குதல்.

அண்மையில் நான் பார்த்த ஆட்டத்தில் கறுப்பு ஆடிய சிறுமி டி5 பக்கம் கையை நீட்டிவிட்டு, எதையும் தொடாமல் பின்னிழுத்துக்கொண்டாள். தொட்ட காயை ஆடியே தீரவேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த ஒரு கணம் அவளுக்கு ஆட்டத்தையே காப்பாற்றிக் கொடுத்தது என்பேன். நெடுநேரம் யோசித்து சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தினாள். பிஷப் பி5-இல் செக், சி6, சிப்பாய்கள் வெட்டுப்பட்டன, பிஷப் இ2-க்குப் பின்வாங்கியது. பிறகு எச்6, இ4 என்று இரண்டு சிப்பாய் நகர்த்தல்களால் குதிரையை விரட்டினாள். எதிரே இருந்த சிறுவன் அதை ஜி1-க்கே திருப்பிவிட்டான். பத்து நகர்த்தல்களுக்குப் பின் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல். ஆனால் வெளியே வந்திருந்த காய் பிஷப் ஒன்றுதான்.

குதிரையை ஜி5-க்குக் கொண்டுபோவது கற்றுக்குட்டியின் ஆட்டம் என்று பழைய ஜெர்மானிய ஆட்ட மேதை டாராஷ் இகழ்ந்ததைச் சொல்லி, சில பயிற்சியாளர்கள் அதை அறவே தடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எச்6 வந்ததும் குதிரையை எஃப்3-க்குப் பதிலாக எச்3-க்கு ஒதுக்கும், முதல் உலக சாம்பியன் ஸ்டைனிட்ஸின் வழியை 1963-இல் சக அமெரிக்கர் பிஸ்கையருக்கு எதிராகக் கையாண்டு பாபி ஃபிஷர் வென்றிருக்கிறார். சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்குவது என்றால் என்ன என்பதை இரு தரப்புப் பிள்ளைகளும் இத்தனை தெளிவாக உணரும் தொடக்கம் வேறு அதிகமில்லை.

அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. விரைவாகக் கோட்டை கட்டி நன்றாகத் தாக்கியும் அவள் வெல்லாததற்கு, ஓரத்தில் கடைசிவரை முடங்கிக் கிடந்த ஏ5 குதிரையே காரணம். அதை பி7 வழியாக டி6-க்குக் கொண்டுவர இரண்டு நகர்த்தல்கள் போதும். வெள்ளையின் ராணிப் பக்கக் காய்கள் இன்னும் அசையாமல் இருந்தபோதே அதைச் செய்திருக்க வேண்டும்.