வேகத்தைவிட முக்கியமான சோதனை: வீட்டு சர்வரில் ஐஸ்கசி

ஃபைல்களைப் பகிர என்எஃப்எஸ், சாம்பா போதும். எனக்கு வேண்டியது விர்ச்சுவல் மெஷின்களுக்கான முழு டிஸ்க். சர்வரில் இருக்கும் இடம், இன்னொரு கணினியில் நேரடியாகச் செருகிய டிஸ்க்காகவே தெரிய வேண்டும். அதற்கு ஐஸ்கசிதான் சரி. டிஸ்க்குக்குப் போகும் ஸ்கசி கட்டளைகளையே டிசிபி வழியாக, வழக்கமாக 3260 போர்ட்டில், அனுப்பும் முறை அது.

அமைப்பது சுலபமாகவே முடிந்தது. சர்வரில் ஒரு எல்விஎம் வால்யூமை (டிஸ்க் இடத்திலிருந்து பிரித்த ஒரு பகுதி) ஒதுக்கி, டார்கெட்சிஎல்ஐ என்ற கருவி மூலம் டார்கெட் (டிஸ்க்கை வழங்கும் சர்வர் முனை), லன் (அது வெளியே காட்டும் டிஸ்க்), ஏசிஎல் (யாரை அனுமதிப்பது என்ற பட்டியல்) மூன்றையும் உருவாக்கினேன். கிளையன்ட்டின், அதாவது டிஸ்க்கைப் பயன்படுத்தும் கணினியின், ஐக்யூஎன் பெயர் (ஐஸ்கசியில் அதன் அடையாளம்) ஏசிஎல்லில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் இருக்க வேண்டும். லாகின் மறுக்கப்பட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். லாகின் ஆனதும் கிளையன்ட்டில் எஸ்டிபி என்று புது டிஸ்க் ஒன்று வந்து நின்றது. இத்தனைக்கும் அது பக்கத்து அறையில் இருக்கிறது! இந்தப் பெயர் அடுத்த பூட்டில் மாறலாம் என்பதால், எதை எங்கே மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் யூயூஐடியும் (மாறாத அடையாள எண்), நெட்வொர்க் வந்தபிறகே மவுன்ட் செய்யச் சொல்லும் நெட்டெவ் ஆப்ஷனும் கொடுத்தேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாதாரண ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்ட ஒரு லன்னை இரண்டு கணினிகளில் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்யவே கூடாது. ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாது, டேட்டா நாசமாகிவிடும்.

அப்புறம் வேகம். 1 ஜிகாபிட் இணைப்பில் உச்சவரம்பே விநாடிக்கு 125 எம்பிதான். டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்ஐஓ என்ற கருவியில் பெரிய பிளாக்குகளைத் தொடர்ச்சியாகப் படித்தபோது 110-ஐத் தாண்டியது. அதற்கு மேல் டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. 4 கேபி பிளாக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்கும்போதுதான் நெட்வொர்க்கின் தாமதம் வெளியே தெரிகிறது. ஒவ்வொரு கோரிக்கையும் போய்த் திரும்பும்வரை அடுத்தது காத்திருக்கிறது.

ஆனால் நான் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு: பாதியில் இணைப்பு அறுந்தால் என்ன ஆகும்? எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வெரிஃபை ஆப்ஷனோடு எஃப்ஐஓவை ஓடவிட்டு, நடுவில் கேபிளைப் பிடுங்கினேன். பிழை எதுவும் வரவில்லை. எழுதுவது அப்படியே உறைந்து நின்றது. சற்று நேரத்தில் கெர்னல் லாகில் பிங் டைம்அவுட் பதிவானது. ஒரு நிமிடம் கழித்துக் கேபிளைச் செருகினேன். சில விநாடிகளில் செஷன் மீண்டது, விட்ட இடத்திலிருந்தே எழுத ஆரம்பித்தது, வெரிஃபையும் சுத்தமாக முடிந்தது.

அடுத்து வேண்டுமென்றே கூடுதல் நேரம் விட்டேன். கிளையன்ட் பக்கத்து மென்பொருளான ஓப்பன்-ஐஸ்கசியில் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட், அதாவது அறுந்த இணைப்பு மீளக் காத்திருக்கும் நேரம், வழக்கமாக 120 விநாடி. அது கடந்ததும் காத்திருந்த கோரிக்கைகள் எல்லாம் பிழையாகத் திரும்பின. ஈஎக்ஸ்டி4 தன் ஜர்னலை (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போனது. கேபிளைத் திரும்பச் செருகினாலும் அது தானாக மீளாது. அன்மவுன்ட் செய்து, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே ஓட்டி, மறுபடி மவுன்ட் செய்தேன்.

அந்த 120-ஐ நான் மாற்றவில்லை. என் சர்வர் ரீபூட் ஆகி டார்கெட் எழுந்து நிற்க அது தாராளமாகப் போதும். ஆனால் டார்கெட்சிஎல்ஐயில் அமைப்பைச் சேமிக்கும் சேவ்கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்திருக்க வேண்டும், பூட்டின்போது அதை ஏற்றும் சர்வீஸும் எனேபிள் ஆகியிருக்க வேண்டும். இல்லையென்றால் சர்வர் எழுந்தாலும் டார்கெட் இருக்காது.