ஓரத்தில் நின்ற ஆள்

பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் ஆறு வருடம் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் பார்த்தேன். பரு எடுப்பது, கழுத்துக் கருப்பை வெளுப்பது, லீவு கிடைக்காத துபாய் மாமாவைக் கல்யாண குரூப் படத்தில் ஒட்டுவது எல்லாம் அன்றாட வேலை. இறந்தவர் படம்தான் கஷ்டம். உருப்படியாக ஒரு படம்கூட இல்லாத வீட்டிலிருந்து, கிடத்திய பிறகு செல்போனில் எடுத்ததைக் கொண்டுவருவார்கள். நாடிக்கட்டையும் மூக்குப் பஞ்சையும் அழித்து, மூடிய கண்ணைத் திறந்து, வெள்ளைச் சட்டை மாட்டி, பதினாறாம் நாளுக்குள் ஃபிரேம் போட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு அவர் மகனின் கண்களையே எடுத்து வைத்தேன். வாங்க வந்த அம்மா "அப்படியே பார்க்கிறார்ப்பா" என்று அழுதார். அதில் எனக்கு இன்றுவரை உறுத்தல் கிடையாது, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், யாரும் ஏமாறவில்லை.

அப்புறம் ஒரு நாளிதழில் பக்கம் போடும் வேலை கிடைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, பிரதமர் விமானத்திலிருந்து சென்னையைப் பார்க்கும் படத்தில், ஜன்னலுக்குள் பளிச்சென்று வேறொரு படத்தை ஒட்டி மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ட்விட்டரில் கேலி கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். ஆபீசில் நாங்களும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், ஸ்டுடியோக்காரன் கண்ணுக்கு அது அவ்வளவு மட்டமான ஒட்டு.

அடுத்த கோடையில் ஒரு ராத்திரி மாவட்டப் பக்கத்துக்குத் தண்ணீர் லாரிப் படம் ஒன்று வந்தது. குடங்களோடு பெண்கள், பின்னால் நீளமாக ஒரு சுவர், இடது பக்கம் லுங்கியை மடித்துக் கட்டி வாயைத் திறந்தபடி ஓர் ஆள். கண் நேராக அவரிடமே போனது. ஓரத்தை வெட்டினால் முன்னால் குனிந்திருக்கும் பாட்டியின் குடமும் சேர்ந்து போகும். பக்கம் அனுப்ப இருபது நிமிடம்தான் இருந்தது. ஃபோட்டோஷாப்பில் ஓரிடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்ப்பை எடுத்துச் சுவரை அவர்மேல் இழுத்துப் பூசிவிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. படம் நன்றாக இருக்கிறது என்றார் தலைமை உதவி ஆசிரியர்.

விதி தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. வெளிச்சத்தைக் கொஞ்சம் சரி செய்யலாம், ஓரம் வெட்டலாம், உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது என்பது செய்திப் படத்தில் பாலபாடம். சிரியாவில் 2013இல் எடுத்த ஒரு படத்தின் மூலையில் சக செய்தியாளரின் வீடியோ கேமரா கிடந்ததை அழித்ததற்காக, நார்சிசோ கான்ட்ரெராஸ் என்ற புகைப்படக்காரரோடு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2014 ஜனவரியில் உறவையே முறித்துக்கொண்டது. அந்த நிறுவனத்துக்குப் புலிட்சர் என்ற பெரிய பத்திரிகை விருதை வாங்கித் தந்த குழுவில் இருந்தவர் அவர். மற்ற படங்களையும் தோண்டிப் பார்த்தார்கள், வேறு எதிலும் கை வைத்திருக்கவில்லை. இதைப் படித்தபோது, கேவலம் ஒரு கேமரா, போரையா மாற்றிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. லுங்கிக்காரரை அழித்தபோதும் அதே நினைப்புதான்: அவர் இல்லாவிட்டால் செய்தி என்ன மாறிவிடப் போகிறது?

மறுநாள் மதியம் பேப்பரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். செய்தியாளர் வெளியே போயிருந்ததால் என் மேஜைக்கு அனுப்பினார்கள். நாலு நாளாக அலைந்து அந்த லாரியைத் தெருவுக்கு வரவழைத்ததே அவர்தானாம்; வாய் திறந்திருந்தது, வரிசையில் வரச் சொல்லிக் கத்தியதால். சண்டை போட வரவில்லை, புரியாமல்தான் வந்திருந்தார்.

"போட்டோ எடுக்கிறப்போ நான் இங்கதான் சார் நின்னேன். வீட்ல எல்லாரும் கேக்கிறாங்க."

"இடம் பத்தலைண்ணே," என்றேன்.

அவர் படத்தை என் பக்கம் திருப்பி, இடது ஓரத்தில் காலியாகக் கிடந்த சுவர்மேல் விரலை வைத்தார்.