திருப்பி வைத்த டர்போ: ஒரு கராஜ் நாட்குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

இந்தக் குளிர்காலத்துக்கான வேலை முடிவாகிவிட்டது. டர்போவைத் திருப்பி வைக்கிறோம். டர்போ என்றால், என்ஜின் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் (டர்பைன்) சுழன்று, அதே ஷாஃப்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் (கம்ப்ரஸர்) என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி.

வண்டி 2005-ஆம் வருட சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. உள்ளே இருப்பது இ.ஜே.257 என்கிற 2.5 லிட்டர் பாக்ஸர் என்ஜின். போன வருடமே ஃபோர்ஜ்டு பிஸ்டனும் கனெக்டிங் ராடும் போட்டுக் கட்டியாயிற்று. நம்பர் பிளேட் கிடையாது, டிரெய்லரில் ஏற்றி ட்ராக்குக்கு மட்டும் போகிற வண்டி. கேட்டலிடிக் கன்வர்ட்டரை (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) கழற்றிய காரை அமெரிக்காவில் சாலையில் ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பு, எனக்கும் அதில் உடன்பாடு இல்லை. இதைப் படித்துவிட்டு ஆபீஸுக்குப் போகும் வண்டியில் யாரும் செய்ய வேண்டாம்.

சிலிண்டர்கள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாகப் படுத்திருக்கும் என்ஜின் இது. எக்ஸாஸ்ட் இரண்டு ஹெட்டுக்கும் அடியில் வெளியே வந்து, என்ஜினுக்குக் கீழே ஒன்று சேர்ந்து, வலப்புறம் பின்பக்கமாக ஒரு பைப்பில் மேலே ஏறும். அந்தப் பைப்பின் தலையில்தான் கம்பெனி டர்போ இருக்கிறது, ஐ.எச்.ஐ. வி.எஃப்.39. அதன் ஷாஃப்ட் ஏறக்குறைய வண்டிக்குக் குறுக்காக இருப்பதால், காற்றை உறிஞ்சும் வாய் என்ஜினின் நடுப்பக்கம் பார்க்கும். முன்னால் இருக்கிற ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஓஸ், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புகுந்து, வளைந்து நெளிந்துதான் அங்கே போய்ச் சேர முடியும். தலைக்கு மேலே காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், முதுகுக்குப் பின்னால் பயர்வால் (என்ஜின் அறைக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் உள்ள தடுப்பு). பெரிய டர்போ வைக்க அங்கே இடமே இல்லை.

திருப்பி வைப்பது என்றால் அந்த ஷாஃப்டை ஏறத்தாழ 90 டிகிரி சுற்றுவது. கம்ப்ரஸரின் வாய் ரேடியேட்டரைப் பார்க்கும், டர்பைனின் வாய் பயர்வாலைப் பார்க்கும். காற்று முன்னாலிருந்து நேராக உள்ளே வரும், புகை பின்னால் நேராகக் கீழே இறங்கும். இந்த நேர்மைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. குதிரைத்திறன் அதோடு கூட வருவது.

ஜனவரி 11, சனி

கழற்றும் வேலை. மேலே இருந்த இன்டர்கூலர், பழைய டர்போ, டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையைக் கீழே இறக்கும் பைப்), கூலன்ட் டேங்க், ஏர் பாக்ஸ் எல்லாம் வெளியே வந்தன. ஏ.சி. முன்பே கிடையாது. ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தேன். வெளியே மைனஸ் 9 டிகிரி. கராஜ் ஹீட்டர் இல்லாவிட்டால் மிச்சிகனில் ஸ்பேனரைக் கையில் பிடிக்க முடியாது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். காலையில் பால் பொங்கியது, சாயங்காலம் டர்போ பார்சல் வந்தது. கேரட் ஜி.டி.எக்ஸ்.3076ஆர். பெயரில் உள்ள 76 கம்ப்ரஸர் சக்கரத்தின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். கடைசியில் உள்ள ஆர் பால் பேரிங் என்பதைச் சொல்கிறது. டர்பைன் ஹவுசிங் (சக்கரத்தைச் சுற்றியுள்ள கூடு) ஏ/ஆர் 0.82 எடுத்தேன். ஏ/ஆர் என்பது அந்தக் கூட்டில் புகை போகும் வழியின் அளவைச் சொல்லும் எண். இந்த எண் சின்னதாக இருந்தால் டர்போ சீக்கிரம் எழும்பும், ஆனால் மேல் ஆர்.பி.எம்.மில் புகைக்குத் தொண்டை அடைக்கும். 2.5 லிட்டர் என்ஜினை வளைவுகள் நிறைந்த ட்ராக்கில் ஓட்ட 0.82 நடுவாக இருக்கும் என்பது என் கணிப்பு.

ஜனவரி 25, சனி

இன்று நாள் முழுவதும் ஆயில் வடிகாலுக்கே போனது. அதற்கு அவ்வளவு நேரம் தகும்.

வெல்டிங்குக்கு உதவ வந்திருப்பவர் கோயம்புத்தூர்க்காரர். பீளமேட்டுப் பக்கம் லேத் பட்டறையில் தொழில் பழகி, இப்போது டெட்ராய்ட் பக்கம் டூலிங் வேலையில் இருக்கிறார். ஆர்கான் வெல்டிங்கில் அவர் கை அப்படி. டர்போவை இன்ஜின் மேல் பிடித்துக்கொண்டு, "பைப் எந்தப் பக்கம்ணா வளைக்கலாம்?" என்று கேட்டேன்.

"பைப் கெடக்குது கண்ணு. மொதல்ல ஆயில் எங்க போயி விழும்னு சொல்லு."

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகும். ஆனால் வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்டில் அடிபட்டு, காற்று கலந்து, நுரையாக வருகிறது. அதைக் கீழே இறக்குவது புவியீர்ப்பு மட்டுமே. ஓஸில் ஒரு சின்னத் தொய்வு இருந்தாலும் ஆயில் அங்கே தேங்கும். தேங்கிய ஆயில் பின்வாங்கி, ஷாஃப்டின் சீலைத் தாண்டி டர்பைனுக்குள் கசியும். நீலப் புகையைப் பார்த்தவுடன் டர்போ போய்விட்டது என்று புதிது வாங்கிப் போடுகிறார்கள், குற்றம் பெரும்பாலும் வடிகாலில்தான் இருக்கும்.

இ.ஜே. என்ஜினில் டர்போ ஆயில் வலப்பக்க ஹெட்டின் பின்புறம் உள்ள நிப்பிளில் வந்து இறங்கும். அந்த இடம் மாறாது. அதனால் அந்த நிப்பிளை வைத்துத்தான் டர்போவின் உயரத்தையும் சாய்வையும் முடிவு செய்தோம். நடு ஹவுசிங்கின் (பேரிங் இருக்கும் நடுப்பகுதி) வடிகால் வாய் கீழே பார்க்கும்படி வைத்து, இரண்டு பக்க ஹவுசிங்குகளின் போல்ட்டையும் தளர்த்தி, டர்பைனை ஒரு பக்கமும் கம்ப்ரஸரை இன்னொரு பக்கமும் வேண்டிய கோணத்துக்குச் சுற்றினோம். கம்ப்ரஸர் ஹவுசிங்கைச் சுற்றும்போது அது சரியக் கூடாது. சக்கரத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு, ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கை மடங்கிவிடும்.

கோணம் வைத்துப் பார்த்தபோது வடிகால் செங்குத்திலிருந்து 12 டிகிரி. அண்ணன் தலையசைத்தார். அப்புறம்தான் சாப்பிடப் போனோம்.

பிப்ரவரி 8, சனி

கீழிருந்து ஏறும் பைப். இதில் இரண்டு சங்கதிகள்.

ஒன்று, இரும்பு வளரும். 304 ஸ்டெயின்லெஸ் ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.017 மி.மீ. நீளும். எங்கள் பைப் 600 மி.மீ.; குளிர்ந்த நிலையிலிருந்து 700 டிகிரி சூடேறினால் 7 மி.மீ. நீண்டுவிடும். நீள வழி விடாவிட்டால் அது எங்கேயாவது வெல்டைக் கிழித்துக்கொண்டு நீளும். அதனால் நடுவில் துருத்திபோல் நீண்டு சுருங்கும் பெல்லோஸ் வைத்தோம். டர்போவின் எடையைப் பைப் சுமக்காமல் இருக்க, பெல்ஹவுசிங்கிலிருந்து (என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு) ஒரு தாங்கி. தாங்கியின் மேல் ஓட்டையை நீளவாக்கில் அறுத்தார் அண்ணன், சூடேறும்போது டர்போ மேலே எழும்ப இடம் வேண்டும் என்று.

இரண்டாவது சங்கதி, வேஸ்ட்கேட். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவை மீறாமல், மிஞ்சிய புகையை டர்பைனுக்குப் போகவிடாமல் திருப்பும் வால்வு இது. டியால் கம்பெனியின் 38 மி.மீ. வால்வு, பைப்பில் தனியாக நிற்கும். இதற்குக் கிளை பிரியும் இடம் முக்கியம். புகை வரும் திசையிலேயே சாய்வாகப் பிரிந்தால் வால்வு திறந்ததும் புகை அந்த வழியே போகும். 90 டிகிரியில் பிரித்தால் புகை திரும்ப மறுத்து டர்பைனுக்கே போகும், வால்வு முழுக்கத் திறந்திருந்தும் பூஸ்ட் ஏறிக்கொண்டே இருக்கும். இடமில்லாத இடத்தில் சாய்வான கிளையைக் கொண்டுவர நான்கு துண்டாக வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. வேஸ்ட்கேட் புகையை வெளியே விடாமல் டவுன்பைப்பிலேயே சேர்க்கிறோம். நாங்கள் ஓட்டும் வாட்டர்ஃபோர்ட் ஹில்ஸ் ட்ராக்கில் சத்தக் கட்டுப்பாடு உண்டு.

பிப்ரவரி 15, சனி

வாங்கிய டர்பைன் ஃபிளாஞ்ச் வளைந்திருந்தது. கண்ணாடிபோல் மட்டமான பலகையில் வைத்தால் ஒரு மூலையில் 0.4 மி.மீ. பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தாராளமாக நுழைந்தது. வெல்ட் சூட்டில் வளைந்ததை அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். கேஸ்கெட் இதை மறைக்கும், ஒரு நாள் மட்டும். மில்லிங்கில் மட்டம் சீவி எடுத்துக்கொண்டோம்.

மார்ச் 1, சனி

டவுன்பைப். டர்பைன் வாய்க்கும் பயர்வாலுக்கும் நடுவில் 76 மி.மீ. பைப் உடனே கீழே திரும்ப வேண்டும். எவ்வளவு நெருக்கம் என்பது கையை உள்ளே விட்டால்தான் புரியும்.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். ஊரிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் சிலர் கேட்டிருந்தார்கள். அமெரிக்க வண்டியில் ஸ்டீயரிங்கும் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் இடப்பக்கம், டர்போ வலப்பக்கம். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் டர்போ இருக்கும் அதே பக்கத்தில்தான் பிரேக் பூஸ்டரும் ஸ்டீயரிங் ஷாஃப்டும். அங்கே இந்த டவுன்பைப் அப்படியே போகாது, வழியை முழுக்க வேறாக யோசிக்க வேண்டும். பிரேக் ஆயில் பக்கத்தில் 800 டிகிரி டர்பைன் நிற்பது சின்ன விஷயமில்லை. படத்தை மட்டும் பார்த்து கிட் வாங்கிவிடாதீர்கள்.

பயர்வாலில் தங்க நிற வெப்பத் தடுப்பு ஒட்டினேன். டர்பைனுக்குப் போர்வை, டவுன்பைப்புக்குத் துணிச்சுற்று. பக்கத்தில் போகும் வயர்களை எல்லாம் அவிழ்த்து வேறு வழியில் கொண்டுபோனேன். சூட்டுக்கு உறை போடுவதைவிட சூட்டிலிருந்து தள்ளி வைப்பது நல்லது.

மார்ச் 15, சனி

கூலன்ட் டேங்க் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு இது சுபாரு என்ஜினியர்கள் செய்த அழகான வேலைகளில் ஒன்று.

கம்பெனி அமைப்பில் ஹெட்டிலிருந்து தண்ணீர் டர்போவுக்கு வந்து, அங்கிருந்து மேலே உள்ள டேங்குக்குப் போகும். ஓட்டி முடித்து என்ஜினை நிறுத்தினால் பம்ப் நின்றுவிடும், ஆனால் டர்பைனின் சூடு மெல்ல நடு ஹவுசிங்குக்குள் ஊறிவரும். அப்போது சூடான தண்ணீர் தானே மேலே ஏறி டேங்குக்குப் போகிறது, குளிர்ந்த தண்ணீர் கீழிருந்து வருகிறது. பம்ப் இல்லாமலே ஓட்டம் நடக்கிறது, பேரிங்கில் ஆயில் கருகாமல் பிழைக்கிறது.

திருப்பி வைத்த டர்போ பழைய டேங்கின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. டேங்கை எங்கே வைத்தாலும் அது டர்போவைவிட உயரமாக இருக்க வேண்டும், ஓஸ் எங்கேயும் இறங்கி ஏறக் கூடாது. இடப்பக்கம் பானெட்டுக்குக் கீழே ஒரு அலுமினிய டேங்க் செய்து வைத்தோம். பானெட்டுக்கும் அதன் மூடிக்கும் நடுவில் விரல் நுழையும், அவ்வளவுதான்.

ஆயில் உள்ளே போகும் லைனில் 1 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (ஆயில் ஓட்டத்தைக் குறைக்கும் சின்னத் துளை) போட்டேன். பால் பேரிங்குக்கு ஆயில் கொஞ்சம் போதும், அதிகமானால் அதுவும் சீலைத் தாண்டும்.

மார்ச் 29, சனி

முன் இன்டர்கூலர், பைப்கள். இன்டேக் மேனிஃபோல்டைத் திருப்பிப் போட்டு த்ராட்டில் வாயை முன்பக்கம் கொண்டுவந்தோம், பைப் நீளம் வெகுவாகக் குறைந்தது. ஏர் ஃப்ளோ சென்சாரை எடுத்துவிட்டு, அழுத்தமும் காற்றின் சூடும் பார்த்து எரிபொருள் கணக்கிடும் முறைக்கு மாறியாயிற்று.

ஏப்ரல் 12, சனி

முதல் ஸ்டார்ட்.

இன்ஜெக்டர் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் கேஜ் முள் எழும்பும்வரை செல்ஃப் மட்டும் அடித்தோம். வடிகால் ஓஸைக் கழற்றி ஒரு பாத்திரம் பிடித்துப் பார்த்தேன், ஆயில் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வயரை மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. பத்து நிமிடம் ஐடிலில் ஓடியது, கசிவில்லை. போர்வையிலிருந்து கொஞ்சம் புகை வந்தது, அது புதுத் துணியின் பசை.

"நல்லா வந்துருச்சுங்ண்ணா" என்றேன். அண்ணன் டார்ச்சை வைத்து வடிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆறட்டும். ஆறினப்பறம் எல்லா நட்டையும் ஒருக்கா முறுக்கிப் பாரு" என்றார். ஆறியதும் பார்த்ததில் டர்பைன் ஃபிளாஞ்சின் இரண்டு நட்டுகள் கால் திருப்பு வாங்கின.

ஏப்ரல் 19, சனி

டைனோ, அதாவது என்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம். எரிபொருள் இ85, எத்தனாலும் பெட்ரோலும் கலந்தது. பெயரில் 85 இருந்தாலும் அமெரிக்க பங்க்குகளில் பருவத்தைப் பொறுத்து எத்தனால் 51 முதல் 83 விழுக்காடு வரை மாறும், அதனால் எரிபொருள் லைனில் எத்தனால் சென்சார் வைத்திருக்கிறோம்.

1.5 பார் பூஸ்டில் வண்டிச் சக்கரத்தில் 452 குதிரைத்திறன். கம்பெனியிலிருந்து வந்தபோது என்ஜினில் 300. முழு பூஸ்ட் 4,100 ஆர்.பி.எம்.மில் வருகிறது. பழைய டர்போ இதைவிடச் சீக்கிரம் எழும்பும், ஆனால் 6,000 தாண்டினால் மூச்சு வாங்கும். இது 7,000-இலும் தளரவில்லை. டைனோ வரைபடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பூஸ்ட் கோடு: 1.5-இல் ஏறி, கடைசிவரை மட்டமாகப் போகிறது. அந்த நான்கு துண்டுக் கிளைக்கான பலன் அது.

மே 10, சனி

வாட்டர்ஃபோர்ட் ஹில்ஸ். சின்ன ட்ராக், சுமார் 2.4 கி.மீ. பெரிய டர்போவுக்கு ஏற்ற நேர்வழி இல்லை, அதனால் நல்ல சோதனை.

ஒரு கியர் குறைத்து வளைவுக்குள் போனால் வெளியே வரும்போது டர்போ விழித்திருக்கிறது. பழைய அமைப்பில் சில சுற்றுகளிலேயே இன்டேக் காற்று 70 டிகிரிக்குப் போய் ஈ.சி.யூ. (என்ஜின் கம்ப்யூட்டர்) தீப்பொறி டைமிங்கைக் குறைக்க ஆரம்பிக்கும். இன்று மதியம்வரை 40-ஐத் தாண்டவில்லை. கடைசிச் சுற்றும் முதல் சுற்றுபோலவே இழுத்தது. இதற்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன்.

பயர்வாலில் ஒட்டிய வெப்ப ஸ்டிக்கர் 93 டிகிரி காட்டியது. வலப்பக்கம் மேலே உள்ள வயர் கிளிப் ஒன்று மட்டும் சூட்டில் மிருதுவாகியிருக்கிறது, அதை உலோகக் கிளிப்பாக மாற்ற வேண்டும். வடிகால் ஓஸ் காய்ந்த நிலையில் இருந்தது, எக்ஸாஸ்டில் நீலப் புகை இல்லை. ஆயிலை மாற்றி, ஒரு மாதிரியை லேபுக்கு அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.