கேரவன் வந்தது, சாமான் பட்டியல் மாறியது

ஜனவரி 18, 2025

கோயம்புத்தூரிலிருந்து வண்டி வந்து சேர்ந்துவிட்டது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நிற்கிறது. பழைய ஃபோர்ஸ் டிராவலர். உள்ளே கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டியது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் "ஷூட்டிங்கா?" என்று கேட்கிறார்கள்.

உள்ளூரிலேயே ஒன்று மலிவாக வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கரை மீறி ஓடி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எந்த வண்டி தண்ணீரில் நின்றது என்று யார் கண்டது? பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் வண்டல் கறை இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடலாம்.

இன்னொன்று, ஆர்.சி.யில் வண்டி வகை மோட்டார் கேரவன் என்றே இருக்க வேண்டும். அதற்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதி இருக்கிறது. சாதாரண வேனை வாங்கிப் பட்டறையில் விட்டு இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளும் ஆசை எனக்கும் இருந்தது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்ததும் அந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டேன். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜனவரி 21

புதிதாக வண்டி வாங்குகிறவர்களுக்கு அமெரிக்காக்காரர்கள் போடும் சாமான் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வண்டி போய் நிற்கும் இடத்திலேயே மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் கம்பம் நட்டுத் தயாராக இருக்கும். அதனால் அவர்கள் பட்டியலில் முதல் வரிசையில் வருவது அதோடு இணைக்கிற சாமான்கள்: 30 ஆம்பியர் வயர், வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காப்பாற்றும் சர்ஜ் ப்ரொடெக்டர், தண்ணீர் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், கழிவு ஹோஸ்.

நம் ஊரில் எதோடு இணைப்பது? ரெகுலேட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே குழாயில் அழுத்தம் அதிகம், வண்டிக்குள் இருக்கும் பைப் பிய்ந்துவிடும் என்று பயம். இங்கே இரண்டு மாடிக்கு மேல் இருக்கும் டேங்கிலிருந்து வந்தால்கூட 10 பி.எஸ்.ஐ. தேறினால் அதிகம். நமக்குத் தேவை 12 வோல்ட் பம்ப்தான். அந்த 30 ஆம்பியரும் 120 வோல்ட் கணக்கு, 3600 வாட் வரும். நம் வீட்டில் ஏ.சி.க்கு வைக்கிற 16 ஆம்பியர் பாயிண்டிலேயே 230 வோல்ட்டில் 3680 வாட் வந்துவிடுகிறது. அங்கிருந்து சாமான் வரவழைக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆக, போய் நிற்கும் இடத்தில் என்னவெல்லாம் கிடைக்காதோ அதை எழுதினால் அதுதான் நம் பட்டியல்.

ஜனவரி 24

இன்று முழுக்கக் கரண்ட் வேலை. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்திருந்தார். முதலில் என்னைக் கணக்குப் போடச் சொன்னார். கணக்கு இல்லாமல் பேட்டரி பக்கமே வர மாட்டாராம். கம்ப்ரசர் வைத்த சின்ன ஃப்ரிட்ஜ் நம் வெயிலில் நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் 28 வாட், ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் கால் யூனிட் தாண்டும். விளக்கு, பம்ப், போன் எல்லாம் சேர்த்து மொத்தம் ஒரு யூனிட் பக்கம். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 1.28 யூனிட் இருக்கிறது. ட்யூபுலர் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதனால் இரண்டு மடங்கு வாங்க வேண்டும், எடையும் தாங்காது.

"அப்போ ஏ.சி.?" என்று கேட்டேன்.

"ஒரு டன் ஏ.சி. கிட்டத்தட்ட ஆயிரம் வாட் இழுக்கும் தம்பி. இந்த பேட்டரிய வச்சிக்கினு ஒரு மணி நேரம் ஜம்முனு தூங்கலாம். அப்புறம் எழுந்து விசிறிக்கினு உக்காரணும்."

சரி, ஏ.சி. கிடையாது. கூரையில் 200 வாட் பேனல் இரண்டு, பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் ஒன்று. ஓடும்போது எஞ்சினிலிருந்தும் சார்ஜ் ஏற வேண்டும். ஆனால் லித்தியத்தை, எஞ்சினோடு சுற்றிக் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரோடு நேராக இணைத்தால் அது கண்டபடி இழுத்து ஆல்டர்நேட்டரைச் சுட்டுவிடும். அந்த இழுப்பைக் கட்டுப்படுத்த நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் போட்டார். 30 ஆம்பியர். சிதம்பரம் போய்ச் சேருவதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு யூனிட் ஏறிவிடும்.

ஃப்யூஸ் விஷயத்தில் அண்ணன் கறார். பேட்டரி ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் ஃப்யூஸ் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு வயர்கூடப் பிரியக் கூடாது. ஃப்யூஸ் வயரைக் காப்பாற்றத்தான், சாமானைக் காப்பாற்ற இல்லை என்றார். லக் (வயர் முனையில் நசுக்கிப் பொருத்தும் உலோக வளையம்) அடித்த ஒவ்வொரு வயரையும் காலால் வண்டியை உதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். ஒன்று உருவிக்கொண்டு வந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போட்டு ஹைட்ராலிக் கிரிம்பரில் மறுபடி அடித்தார். ஓடும் வண்டியின் அதிர்வில் லூசான லக் சூடாகி, அங்கிருந்துதான் தீப்பிடிக்குமாம்.

அண்ணன் வாங்கச் சொன்ன இன்னொரு சாமான் கையளவுதான்: மூன்று விளக்கு எரியும் சாக்கெட் டெஸ்டர். கல்யாண மண்டபமோ தோப்பு மோட்டார் ஷெட்டோ, அடுத்தவர் பாயிண்டில் ப்ளக் செருகும் முன் இதைச் செருகிப் பார்க்க வேண்டும். எர்த் இருக்கிறதா, ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று சொல்லிவிடும். எங்கள் வீட்டு வாசல் பாயிண்டிலேயே எர்த் இல்லை என்று காட்டியது! கரண்ட் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வண்டிக்குள் போட்டாயிற்று. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம்.; சுருளோடு வைத்து லோடு கொடுத்தால் சுருளுக்குள் சூடு ஏறும், முழுக்கப் பிரித்துத்தான் போட வேண்டும்.

ஜனவரி 30

உப்பு. வெளியூர்ப் பட்டியல் எதிலும் இது இல்லை. தேவனாம்பட்டினத்தில் படகுக்காரர் ஒருவர் கரைக்கு வந்ததும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்துவிட்டு, "அடியில நல்ல தண்ணி அடிக்கிறியா?" என்றுதான் முதலில் கேட்டார். சில்வர் பீச் பக்கம் நிறுத்தினால் அன்றைக்கே அடிப்பக்கம் கழுவ வேண்டும். வயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருந்தால் பச்சை பூக்காது. பேட்டரி முனைகளில் வாசலின் தடவியிருக்கிறேன்.

பிப்ரவரி 4

கேஸ். அத்தை இன்று வண்டியில் ஏறிச் சமையல் மேடையைப் பார்வையிட்டார். "அடுப்பு சின்னதா இருக்கட்டும் மாப்ளே, அது போதும். சிலிண்டர் எங்க வைக்கப் போறீங்க?" என்றார். சரியான கேள்வி. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து தங்கும். அதனால் 5 கிலோ சிலிண்டருக்குத் தனி அறை. படுக்கைப் பக்கம் ஒரு இடுக்குகூட இல்லாமல் அடைத்து, அடியில் வெளியே போக ஓட்டை விட்டிருக்கிறது. கேஸ் கசிவு அலாரம் கணுக்கால் உயரத்தில். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேறு சாமான், அது தலையணை உயரத்தில். இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டி விற்கிறார்கள், வாங்காதீர்கள்.

சிலிண்டரின் மேல் தகட்டில் ஒரு எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அப்படியே, எண் வருடம். அந்தக் காலத்துக்குள் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தாண்டியிருந்தால் வாங்காமல் மாற்றிக் கேளுங்கள். கேஸ் போகும் ஆரஞ்சு நிற சுரக்ஷா ட்யூபுக்கு ஆயுள் ஐந்து வருடம். மாட்டியதும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம், குமிழி வரவில்லை. ஏ.பி.சி. பவுடர் தீயணைப்பான் கதவுப் பக்கம் மாட்டியிருக்கிறது. அடுப்புப் பக்கம் வைத்தால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

பிப்ரவரி 9

நெல்லிக்குப்பம் சாலையில் கரும்பு லாரிகளுக்கு நடுவே எடை மேடையில் ஏற்றினோம். மொத்த எடை மட்டும் போதாது, முன் சக்கரம் தனியாக, பின் சக்கரம் தனியாகவும் பார்க்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. தொட்டி பின்னால் இருப்பதால் அத்தனையும் பின் அச்சில். மடக்கு மேசை, இரும்பு நாற்காலி, காபி மெஷின் மூன்றையும் அங்கேயே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

டயர் ஓரத்தில் கடைசி நான்கு எண்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். ஸ்டெப்னியிலும் பார்க்க வேண்டும், பழைய வண்டிகளில் அதுதான் கிழடாக இருக்கும். ஏர் கேஜ் சொந்தமாக ஒன்று. டயர் ஆறியிருக்கும்போது காலையில் பார்த்தால்தான் சரியான அளவு. வண்டி எடைக்கு ஏற்ற பாட்டில் ஜாக்கி, நீளக் கைப்பிடி வைத்த வீல் ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் போட ஒரு கனமான பலகை. மணலில் பலகை இல்லாமல் ஜாக்கி வைத்தால் ஜாக்கிதான் இறங்கும், வண்டி ஏறாது. சக்கரத்துக்குக் கட்டை நான்கு. லாரி கிளீனர்கள் வண்டி நின்றதும் குதித்து ஓடிப் போடுவார்களே, அதேதான்.

பிப்ரவரி 15

தண்ணீருக்குக் குடிநீர்த் தரத்து ஹோஸ் தனியாக, நிறமும் வேறாக இருக்க வேண்டும். தோட்டத்து ஹோஸ் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். கழிப்பறை, தனியே கழற்றும் பெட்டி வைத்த 20 லிட்டர் வகை. வீட்டுக்கு வந்து நம் கழிப்பறையில் கொட்டலாம். கெடிலம் ஆற்றில் கொட்டுகிறவனோடு எனக்குப் பேச்சு இல்லை. ஃபார்மலின் கலந்த மருந்து செப்டிக் டேங்க் கிருமிகளைக் கொன்றுவிடும், வேறு வகை பார்த்து வாங்கவும். வேறு எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 23

ராத்திரி பரங்கிப்பேட்டைக்கு முன்னால், மச்சானின் நண்பர் தோப்பில் தங்கினோம். நிழலாக இருக்கிறதே என்று மச்சான் தென்னைக்கு அடியில் விடச் சொன்னார். தோப்புக்காரர் சிரித்துவிட்டு மேலே காட்டினார்: முற்றிய குலை, நேராக எங்கள் பேனலுக்கு மேல். நகர்த்தி வெட்டவெளியில் விட்டோம். ஒரு மட்டையின் நிழல் பேனலில் குறுக்கே விழுந்தாலே சார்ஜ் பாதாளத்துக்குப் போகிறது, அதையும் மீட்டரில் பார்த்தாயிற்று.

ரசமட்டத்தைத் தரையில் வைத்து, தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சமப்படுத்தினோம். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜுக்குச் சாய்வு பெரிய பிரச்சினை இல்லை. கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் ஃப்ரிட்ஜ் என்றால் கெட்டுப்போகும். எங்களுக்கு இது தூக்கத்துக்காக. தலைப்பக்கம் தாழ்ந்திருந்தால் விடிய விடியப் புரள வேண்டியதுதான்.

காலையில் பேட்டரி 46 சதவீதம். ஃபேன் ராத்திரி முழுக்க ஓடியது, ஃப்ரிட்ஜில் தயிர் கெட்டியாக இருந்தது. தோற்றது கொசுவலையிடம். ஜன்னல் வலை எல்லாம் வெல்க்ரோ. வேர்வைக் கை பட்டுப் பட்டு ஒட்டு விட்டுப்போய், உப்பங்கழிக் கொசு மொத்தமும் உள்ளே.

பிப்ரவரி 25

டெய்லரிடம் வலைகளைக் கொடுத்தாயிற்று. ஓரத்தில் மடிப்புத் தைத்து உள்ளே காந்தத் துண்டு வைக்கச் சொன்னேன். கதவு வலை மட்டும் தரையில் புரளும் அளவு நீளமாக வேண்டும் என்றேன். "அப்போ காந்தம் நீங்க வாங்கிக் குடுங்க, தையல் கூலி மட்டும் எனக்கு" என்றார். மாசி மகத்துக்கு முன்னால் கிடைத்துவிடும்.