பீடியை விட்டு மூன்று வருஷம்: அப்பாவின் தொண்டைப் புற்றுநோயும் நாங்கள் மறைத்த கணக்கும்

போன மாதம் அப்பாவுக்கு 35-வது ரேடியேஷன் முடிந்தது. அறையை விட்டு வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். நிம்மதிதான். ஆனாலும் கடந்து வந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. வீணாய்ப் போன நான்கு மாதத்தில் பாதி, நாங்கள் வாயைத் திறக்காததால் போனது. பீடி, சிகரெட், குடி என்று பல வருஷம் இருந்துவிட்டு இப்போது அறுபதைத் தாண்டிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

அப்பாவுக்கு 69 வயது. சங்ககிரியில் லாரி ஓட்டியவர். 22 வயதில் பிடித்த பீடியை 66 வயதில், படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்று விட்டார். குடியை விடவில்லை. ராத்திரி வண்டியை நிறுத்திய பிறகு ஒரு குவார்ட்டர். வேலையை விட்டு வந்த பிறகும் அதே குவார்ட்டர். சத்தம் போட மாட்டார், சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அதனால் எங்கள் வீட்டில் அதைக் குடி என்றே யாரும் சொன்னதில்லை.

முதலில் வந்தது காதுவலி. எச்சில் விழுங்கினால் வலது காதில் சுருக்கென்று இழுக்கிறது என்றார். பக்கத்து கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. காது டாக்டரிடம் போனோம். காதுக்குள் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு, பல்லு காரணமா இருக்கலாம்" என்றார். பல் டாக்டர் ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மருந்து வைத்தார். இப்படியே மூன்று மாதம். ஒருவர்கூடத் தொண்டைக்குள் பார்க்கவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் காது டாக்டரிடம் விவரத் தாளை நிரப்பியது நான். "புகைப்பழக்கம் உண்டா?" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதினேன். விட்டு மூன்று வருஷம் ஆகிவிட்டதே என்ற நினைப்பு. 44 வருஷம் பிடித்தவருக்கு மூன்று வருஷம் என்பது ஒன்றுமே இல்லை என்று அன்றைக்குத் தெரியாது.

கட்டியைக் கண்டுபிடித்தது சலூன்காரர். தாடி எடுக்கும்போது, "அண்ணா, கழுத்துல இங்க ஒரு கட்டியாட்டம் இருக்குதுங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அடுத்த நாளே சேலத்தில் ஒரு தொண்டை டாக்டரிடம் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமராவை விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. குரல்வளைக்குப் பின்பக்கம், உணவுக்குழாய் ஆரம்பிக்கும் இடத்துக்குச் சற்று மேலே புண். தொண்டைக்கும் காதுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால் தொண்டையில் இருக்கும் கோளாறு காதில் வலியாகத் தெரியுமாம். இரண்டு நிமிஷச் சோதனைக்காக மூன்று மாதம் அலைந்திருக்கிறோம்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். புகை, குடி இருந்த பெரியவருக்கு விழுங்கும்போது காது வலித்தால், மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால், சோறு இறங்க மாட்டேன் என்றால், கழுத்தில் கட்டி தெரிந்தால், வாய்க்குள் ஆறாத வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இருந்தால், இருமல் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பி வராதீர்கள். "தொண்டைக்குள்ள கேமரா விட்டுப் பாருங்க" என்று நீங்களே கேளுங்கள்.

பயாப்ஸிக்கு, அதாவது புண்ணிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பதற்கு, முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு மருத்துவமனையில் அட்மிட் செய்தோம். மயக்க மருந்து டாக்டர் வந்து, "குடிப்பழக்கம் இருக்கா?" என்று கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, "எப்பவாச்சும் கல்யாணம் காச்சினா கொஞ்சமுங்க" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். நாலு பேர் முன்னால் அம்மாவைப் பொய்யாக்க மனசு வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

பயாப்ஸி நல்லபடியாக முடிந்தது. தொண்டையில் வீக்கம் இருக்கிறது என்று மேலும் இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி அப்பாவின் கை நடுங்க ஆரம்பித்தது. சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. சுவரைக் காட்டி, "எதுக்க வண்டி வருது, லைட்ட டிம் பண்ணச் சொல்லு" என்று கத்தினார். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். சிஸ்டர், வயதானவர்களுக்கு மயக்க மருந்துக்கு அப்புறம் இப்படிக் குழப்பம் வரும், காலையில் சரியாகிவிடும் என்றார். ஒரு மணி நேரம் அப்படியே போனது. பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் ஓடி வந்து நாடி பார்த்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க, தினமும் குடிப்பாரா?" என்று கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்னேன். உடனே ஊசி, வைட்டமின் பி1, அப்புறம் ஐசியூ. இரண்டு நாள் அங்கே.

பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் இப்படி வரும், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அந்த டாக்டர்தான் விளக்கினார். முதல் நாளே சொல்லியிருந்தால் முன்கூட்டியே மருந்து கொடுத்திருப்பார்களாம். இதைக் கேட்டதிலிருந்து அம்மா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு எச்சரிக்கை: தினமும் குடிக்கும் பெரியவரை வீட்டிலேயே ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள், டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

ஐசியூ வாசலில் உட்கார்ந்து செல்போனில் கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டு, கட்டுக்கு 25 பீடி, 44 வருஷம். நான்கு லட்சம் வந்தது. தினம் 180 மில்லி, 40 வருஷம். 2,600 லிட்டர். அதைப் பார்த்த பிறகு ரொம்ப நேரம் எழுந்திருக்கவே முடியவில்லை.

கோவையில் புற்றுநோய் டாக்டரிடம் போனபோது அந்தக் கணக்கை அப்படியே நீட்டினேன். முதல் தடவையாக ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். ஒரு குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது சுமார் 60 கிராம். 10 கிராமை ஒரு டிரிங்க் என்று எடுத்தால் தினமும் ஆறு டிரிங்க். "அளவாத்தான் குடிப்பாருங்க" என்று அம்மா சொல்லி வந்தது இந்த அளவு. ஆல்கஹால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1988-லேயே அறிவித்துவிட்டது. உடம்புக்குள் அது அசிட்டால்டிஹைடாக மாறி செல்லின் மரபணுவைச் சிதைக்கிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகச் சொன்னது. புகையில் 70-க்கு மேற்பட்ட புற்று உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. பீடி சின்னதாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. இலை சீக்கிரம் அணையும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்கிறார்கள். எனக்கு நெஞ்சில் தைத்தது அடுத்துச் சொன்னதுதான். புகையும் குடியும் சேர்ந்தால் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் ஆபத்து கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. சாராயம் தொண்டைத் தோலை இளக்கி, புகையில் இருக்கும் நஞ்சை உள்ளே விடுகிறது. ஒவ்வொரு வருஷச் சிதைவும் செல்லில் சேர்ந்துகொண்டே வருவதால்தான் இருபது வயதில் ஆரம்பித்தது அறுபதுக்கு மேல் கட்டியாக வெளியே வருகிறது.

உணவுக்குழாய்க்கு எண்டோஸ்கோப்பி, நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் இரண்டும் எழுதிக் கொடுத்தார். தொண்டையில் நோய், நெஞ்சுக்கு எதற்குச் செலவு என்று அண்ணன் முகம் சுளித்தான். அதே புகையும் அதே சாராயமும் போன பாதை முழுக்கப் பார்க்க வேண்டும், இரண்டாவது கட்டி எங்காவது ஒளிந்திருக்கலாம் என்றார் டாக்டர். நல்ல வேளையாக இல்லை. நுரையீரல் மட்டும் நிறையக் கெட்டிருந்தது.

அப்புறம் காகித அலைச்சல். ரிப்போர்ட் மட்டும் போதாது, பயாப்ஸி ஸ்லைடும், சதைத் துணுக்கைப் பதித்த மெழுகு பிளாக்கும் வேண்டும் என்றார்கள். கோவையிலிருந்து சேலம் லேபுக்குப் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தால், பணம் கட்டிய ரசீதும் டாக்டர் கடிதமும் இல்லாமல் தர முடியாது என்று கவுன்டரில் இருந்தவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். ஒரு நாள் போச்சு. மறுநாள் இரண்டையும் கொண்டுபோய் வாங்கி வந்தேன். வாங்கியபோது ரிப்போர்ட்டைச் சரிபார்க்கவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒப்புதல் கேட்டபோதுதான் தெரிந்தது, ரிப்போர்ட்டில் இன்ஷியல் தப்பு. ஆதாரில் ஒன்று, ரேஷன் கார்டில் ஓர் எழுத்து வேறு, ரிப்போர்ட்டில் மூன்றாவது விதம். மூன்றாம் தடவை சேலம். ஒப்புதல் வர 11 நாள் தாமதம். காப்பீட்டு கவுன்டரில் இருந்த பெண் மட்டும் ஒவ்வொரு தாளையும் வைத்து எது எதோடு ஒத்துப்போக வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அவரை மறக்க மாட்டேன். சந்தேகம் என்றால் அந்தத் திட்டத்தின் இலவச எண் 1800 425 3993. நோய் வரும் முன்பே பெரியவர்களின் ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை மூன்றிலும் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். பயாப்ஸி கொடுக்கும் அன்றைக்கே லேபில் பெயரை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ரேடியேஷனுக்கு முன்பு பல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பதையும் யாரும் முதலில் சொல்லவில்லை. ரேடியேஷனின்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடிக்கு அளவெடுக்கப் போன இடத்தில் வாயைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். சொத்தைப் பல் ஐந்தைப் பிடுங்கி, புண் ஆற இரண்டு வாரம் காத்திருந்தோம். ரேடியேஷனுக்கு அப்புறம் பல் பிடுங்கினால் தாடை எலும்பே செத்துப்போகலாமாம். ஸ்கேன் எடுக்கும் வாரத்திலேயே பல்லையும் முடித்துவிடுங்கள்.

சிகிச்சை ஏழு வாரம், வாரம் ஐந்து நாள். மூன்றாம் வாரம் முதல் மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி. வாராவாரம் போட்ட சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை, இந்த வயதில் கிட்னி தாங்கவில்லை என்று நான்கோடு நிறுத்திவிட்டார்கள். அப்பா தாங்கிக்கொண்டார்.

இடையில் பார்க்க வந்த சித்தப்பாவுக்கு வயது 63. அவரும் லாரிதான், அதே பீடி, அதே குவார்ட்டர். வெளியே டீக்கடையில் பீடி பற்றவைத்துக்கொண்டே, "இந்த வயசுல விட்டு என்ன ஆகப்போகுது, கண்ணு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்: விட்ட ஐந்திலிருந்து பத்து வருஷத்தில் வாய், தொண்டை ஆபத்து பாதியாகக் குறையும், நோய் வந்த பிறகு விட்டால்கூட சிகிச்சை நன்றாக வேலை செய்யும். அங்கேயே புகையிலையை விட உதவும் 1800 11 2356 எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். பேசினார். இப்போது ஆறு வாரமாகப் பீடி இல்லை. குடிக்கு டாக்டரிடம் அழைத்துப் போக நாள் குறித்திருக்கிறோம்.

அப்பாவின் ஃபைலில் முதல் பக்கமாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பீடி எந்த வயதிலிருந்து எந்த வயது வரை, ஒரு நாளைக்கு எத்தனை. குடி எத்தனை வருஷம், என்ன அளவு, கடைசியாகக் குடித்த தேதி. போன வாரம் புது டாக்டர் ஒருவர் பழக்கம் பற்றிக் கேட்டபோது நான் ஃபைலைத் திறப்பதற்குள் அம்மாவே சொல்லிவிட்டார்: "நாப்பத்திநாலு வருசம் பீடிங்க சார். குவார்ட்டரு தினமுமுங்க." டாக்டர் எழுதிக்கொண்டார். கதிர் பட்ட கழுத்தில் தைராய்டு சுரப்பு குறையலாம், அடுத்த தடவை அந்த ரத்தப் பரிசோதனையும் எடுத்து வாருங்கள் என்றார். ஸ்கேன் இன்னும் இரண்டு மாதத்தில்.