தொட்டுப் பார்த்தீர்களா?

"தொட்டுப் பார்த்தீர்களா, டாக்டர்?" என்று மட்டும்தான் பெரியவர் கேட்டார். நான் தராசைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். கேள்வி காதில் விழுந்தது. பதில் சொல்லவில்லை.

இரண்டு நீலகிரி ஆட்டுக் கிடாய்க்குட்டிகள். இருபது பெட்டைகளுக்கு ஒன்று போதும், மற்றதைக் காயடிக்க வேண்டும். ஒன்று மற்றதைவிட மூன்று கிலோ கூடுதல். சிறியதன் தோள்பட்டைக் கம்பளியை அவர் இரு கட்டைவிரல்களால் பிளந்து காட்டிக்கொண்டிருந்தார். கனமானதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கம்பளி வாங்க வியாபாரி வருவதில்லை, கத்தரித்ததெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கிறது. பணம் கறியில்தான். இதில் எது தவறு? இன்றும் யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

சொல்வேனா?

நீலகிரி ஆடு தானாக வந்த இனமில்லை. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் என்ற வெளிநாட்டு ஆட்டினங்களெல்லாம் கலந்து உருவானது. மெரினோ மெல்லிய கம்பளிக்குப் பேர்போனது, சவுத்டவுன் கறிக்கு. இந்த இனத்தைக் காக்கவென்றே ஊட்டி அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் மந்தை வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பாடம். அன்று என் பையில் இருந்தது தராசு மட்டும். சிறு மந்தையில் ஒரு கிடாயைத் தேர்ந்தெடுத்தால், இனி பிறக்கும் ஒவ்வொரு குட்டியிலும் பாதியைத் தேர்ந்தெடுத்ததாகிவிடும்.

சின்னதைப் படுக்கவைத்துப் பிடித்தபோதுதான் என் கை கம்பளிக்குள் போனது. மேலே மழை ஈரம். உள்ளே உலர்ந்து, லேசான பிசுக்கோடு, மெல்லிய கம்பளிக்கே உரிய நெளிநெளியாக இருந்தது. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். காயடிக்கும் இடுக்கி கையில் இருந்தது, அடுத்த வீட்டில் ஒரு பசு காத்திருந்தது. "நீங்கள் சொன்னால் சரி" என்று அவரும் சொல்லிவிட்டார். அந்தச் சம்மதம் எனக்கா, என் வேலைக்கா என்று இப்போது யோசிக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் பெரிய கிடாய்க்கு இமை உட்புறம் வெளுத்தது. ரத்தம் குறைந்திருந்தது, குடற்புழு. மருந்துக்குத் தேறிவிட்டது. அதே புல்லில் மேய்ந்த சின்னதற்கு ஒன்றுமில்லை. நீலகிரி ஆடு புழுவைத் தாங்கும் என்று பெயர், ஆனால் இரண்டும் நீலகிரிதானே? ஓர் ஆட்டை வைத்து எதையும் நிறுவ முடியாது. இருந்தும் அதன் இமையை நான் இரண்டு முறை விரித்துப் பார்த்தேன்.

போன மாதமும் சின்னது பட்டியில் நின்றது, புதிதாகக் கத்தரித்த உடம்போடு. இன்னும் விற்கவில்லையா என்று கேட்டேன்.

"கறிக்கு எடை போதாது, டாக்டர்" என்றார். முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று பார்ப்பதற்குள் திரும்பிவிட்டார்.